வெளிச்சம் ஆகாதவள்

நான் மெதுவாகத்தான் பேசுவேன். கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன். வீட்டில் அப்படியே பழகிவிட்டது.

என் தங்கைக்குத் தினமும் தலைவலி. ஒற்றைத் தலைவலி என்கிறார்களே, அது. விழிக்கும்போதே இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கிவிடும். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. எண்ணெய் காயும் வாசனைகூட ஆகாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தேன். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டினேன். குக்கரைப் பரணில் போட்டுவிட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தேன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அவள் நீச்சல் பயிற்சியாளர். குழந்தைகள் அவளைத் தவளை மிஸ் என்பார்கள். குளத்தில் வெயில் பட்டுக் கண்ணில் தெறிக்கும். விசில் சத்தம், குளோரின் நெடி. வேலையை விட்டாள்.

வலி வருவதற்கு முன் என்னை வார்டன் என்றுதான் கூப்பிடுவாள். "வார்டனம்மா, கொஞ்சம் வெளிய போயிட்டு வரலாமா, இல்ல லீவ் லெட்டர் எழுதணுமா?" பெற்றவர்கள் போனபின் அவளை வளர்த்தது நான். கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருந்திருப்பேன். வலி வந்தபின் அக்கா ஆனேன்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மாத்திரைக்கு அலைய வேண்டியதில்லை. காலையில் ஒன்று. மதியம் கடையிலிருந்து வந்து இன்னொன்று. என் காலடி கேட்டதும் இருட்டிலிருந்து கையை நீட்டுவாள்.

நரம்பு மருத்துவரிடமும் அழைத்துப் போனேன். பரிசோதனை முடிந்ததும், விளக்கு தாங்காமல் அவள் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

"இப்போ வலியைக் கொண்டுவர்றதே இந்த மாத்திரைதாம்மா. தினமும் போட்டா அப்படித்தான் ஆகும். நிறுத்திடுங்க. ரெண்டு மூணு வாரம் துடிச்சுப் போயிடுவாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிட்டா பெரும்பாலும் விட்டுடும்."

வெளியே வந்தேன்.

"என்னக்கா சொன்னாரு?"

"இதையே தொடர்ந்து போடச் சொன்னாருடி" என்றேன்.

அவள் துடிப்பதை என்னால் பார்க்க முடியாது. காரணம் அதுதான்.

அப்புறம் நன்றாகத்தான் இருந்தோம். கெடுத்தது அவளோடு குளத்தில் வேலை பார்த்த தோழி. பிள்ளைகள் மூழ்காமல் காவலுக்கு நிற்பவள். கட்டைக் குரல், தெருமுனையில் பேசினால் எங்கள் சமையலறையில் கேட்கும். நான் கடையில் இருந்த நேரத்தில் தங்கையை வேறொரு மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். தங்கை இருந்த மாத்திரைகளையெல்லாம் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

"முதல் டாக்டர் இதைச் சொல்லலையாக்கா?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நாம என்ன கண்டோம்?"

வாந்தி. நடுக்கம். வாளியைப் பிடித்தது நான்தான். அந்த வாரங்களை என்னால் பார்க்க முடிந்தது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நானும் கவனித்தேன்.

ஒரு காலையில் அவளே கறுப்புத் துணியை விலக்கினாள். "அக்கா, வலிக்கலக்கா" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். அது பொய்யில்லை. பிறகு பல் விளக்கிக்கொண்டே சொன்னாள், வேறு ஊரில் ஒரு குளத்தில் வேலை கேட்டிருக்கிறாளாம், தங்க அறையும் தருகிறார்களாம். நுரையோடு சிரித்தாள். "இனிமே வார்டனம்மாவுக்கும் விடுதலை."

மறுநாளிலிருந்து காப்பியில் கலந்தேன்.

கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கினால் மாவாகிவிடும். அளவு மீறவில்லை. நான் கவனமானவள். வலி திரும்பி வந்தது. முதலில் வாரத்தில் ஓரிரு நாள், பிறகு தினமும். புது வேலைக்கு இன்னும் கொஞ்சம் நாள் கழித்து வருவதாகச் சொன்னாள். அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

தோழி வந்து கட்டிலருகே நின்றாள்.

"ஏய் தவளை, திருட்டுத்தனமா போடுறியா? உண்மையைச் சொல்லு."

"சத்தியமா இல்லடி."

"அப்புறம் எப்படி வரும்? போடி, உனக்குப் படுத்துக்கிடக்கத்தான் பிடிச்சிருக்கு."

அதன்பின் அவள் வரவில்லை. தங்கை தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு கிடந்தாள். அப்படியே கிடந்தபடி என்னிடம் கேட்டாள்.

"தூக்கக் கலக்கத்துல உன் கடைப் பையிலேருந்து நானே எடுத்துப் போட்டுக்கறேனாக்கா? நீ பாத்தியா?"

"இருக்கலாம்" என்றேன். "இனிமே பையை அலமாரியில வச்சுப் பூட்டிடறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் செய்த தப்பு ஒன்று உண்டு. காப்பியின் கசப்பில் மாத்திரை மறைந்துவிடும் என்று நினைத்தேன். அந்த மாத்திரையை இத்தனை வருடமாக விற்கிறேன், ஒருமுறைகூட நாக்கில் வைத்ததில்லை. அவளோ, தண்ணீர் குடித்தாலே குமட்டும் நாட்களில் அதை வெறும் வாயில் கரையவிட்டு விழுங்கியவள்.

தினமும் மடமடவென்று குடித்துவிடுபவள், இன்று காலை ஒரு மிடறு குடித்துவிட்டு நிறுத்தினாள். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"நீ ஒரு வாய் குடி."

குடித்தேன்.

"கசக்குதா?"

"காப்பின்னா கசக்கத்தான் செய்யும்."

"காப்பி குடிக்கும்போது கசக்கும்க்கா. இது முழுங்கினதுக்கு அப்புறம் கசக்குது."

மிச்சத்தை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடினாள். செருப்பை மாட்டினாள். நல்ல வெயில். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மதிலைத் தொட்டுத் தொட்டு இந்தக் காவல் நிலையம் வரை நடந்தாள். நடுவில் ஒருமுறை குனிந்து வாந்தி எடுத்தாள். நான் பின்னாலேயே குடை பிடித்து வந்தேன். அவள் அதைத் தட்டிவிடவில்லை. உங்கள் காவலர் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, யார் மேல் புகார் என்று கேட்டார்.

ஆமாம். கலந்தது நான். முதல் மருத்துவர் சொன்னதை மறைத்ததும் நான். அவள் போய்விடுவாள் என்ற பயத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அது சரியில்லை. இந்த வலியை வைத்துக்கொண்டு அவளால் தனியாகச் சமாளிக்க முடியாது. அதை யோசித்தவள் நான் ஒருத்திதான்.

வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாள். அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும்.