கதவைத் திறக்காத அம்மா

— அதெல்லாம் கெடக்கட்டும். நான் வரலன்னா வரல. நீங்க பாட்டுக்குப் போயிட்டு வாங்க.

— கீழ கார் வந்து நிக்குதுடி. படம் போடற பசங்க தியேட்டர் மேடையில ரெண்டு நாற்காலி போட்டிருக்காங்களாம். டைரக்டருக்கு ஒண்ணு, டைரக்டர் சம்சாரத்துக்கு ஒண்ணு.

— ஒண்ணுல உக்காருங்க, இன்னொண்ணுல கால நீட்டிக்குங்க.

— நக்கலப் பாரு. இந்தா பாரு, எம்பத்து நாலுல நாம எடுத்த பேய்ப்படம். ரிலீசான வாரமே பெட்டி திரும்பி வந்துச்சு. இன்னிக்கு ஹவுஸ்ஃபுல்லுங்கறாங்க. எனக்கே நம்ப முடியல.

— சிரிக்கத்தானே வர்றாங்க? ரப்பர் கை கழண்டு விழுந்தா விசிலடிக்கிறாங்களாம். பேயத் தூக்கற கயிறு தெரிஞ்சா ‘கயிறு, கயிறு’ன்னு மொத்தத் தியேட்டரும் கத்துதாம். எதிர் வீட்டுப் பொண்ணு சொன்னா.

— அது பாசம்டி. நம்ம ஸ்கூட்டரோட பின்லைட்டக் கழட்டித்தானே பேய் வர்ற வெளிச்சம் போட்டோம்? பனிமூட்டத்துக்கு மூணு ஸ்டவ்ல தண்ணி கொதிக்க வச்சோம். சிரிக்காம என்ன பண்ணுவாங்க?

— நம்ம பாப்பாவுக்குத் தேங்காச் சில்லுல கோரப்பல்லு செஞ்சு வச்சீங்களே.

— ஷாட்டு ரெடின்னு திரும்பிப் பாத்தா தின்னுட்டு நிக்கறா!

— மூஞ்சி பூராம் மாவப் பூசிட்டு, வாசல்ல நின்னு தபால்காரரப் பயமுறுத்துவா. அந்த மனுஷனும் ஒவ்வொரு தடவையும் பயந்த மாதிரி சைக்கிளப் போட்டுட்டு ஓடுவாரு. பாவம்.

— பாத்தியா, பேசறப்ப உனக்கே சிரிப்பு வருது. வாயேன்.

— காலர் மடங்கியிருக்கு. இப்படித் திரும்புங்க.

— பேச்ச மாத்தாத. கேளேன், எல்லாத்துக்கும் சிரிக்கறவங்க உன் சீன் வந்தா மூச்சு விடறதில்ல. வர்றேன்னு சொன்ன நடிகை வரல. அடுப்படியில நின்ன உன்னத்தான் இழுத்துட்டு வந்து நிறுத்தினேன். செத்துப்போன புள்ள திரும்பி வந்து கதவத் தட்டுது. திறந்தா வீட்டுல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க. பெத்தவ கதவுல சாஞ்சு நிக்கறா, திறக்கல. வசனமே கிடையாது, வெறும் உன் மூஞ்சி. அத இன்னிக்கு சட்டையில அச்சடிச்சுப் போட்டுட்டுத் திரியறாங்க. ‘கதவைத் திறக்காத அம்மா’ன்னு உனக்குப் பேரே வச்சுட்டாங்க.

— நல்ல பேரு. எனக்குப் பொருத்தமான பேரு.

— ஏன்டி இப்படிப் பேசற? நம்மகிட்ட பாப்பா போட்டோ ரெண்டுதான் இருக்கு. ரெண்டுலயும் கண்ண மூடியிருக்கா. இந்தப் படத்துலதான் நடக்கறா, ஓடறா. இத்தன வருஷமா நான் தனியாத்தான் அவளப் பாத்துட்டு வரேன். ஒரே ஒரு தடவ நீ பக்கத்துல இருந்தா நல்லாயிருக்கும்னு ஆசப்படறேன். தப்பா?

— தப்பில்லங்க. என்னால முடியாது.

— காரணத்தையாவது சொல்லு. அவ போனதுல இருந்து இந்தப் படத்துப் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடற. நானும் விட்டுட்டேன். இன்னிக்குச் சொல்லு.

— சொன்னா உங்களால தாங்க முடியாது.

— உங்கூட இத்தன காலம் குப்பை கொட்டியிருக்கேன், இதத் தாங்க மாட்டேனா?

— விளையாடாதீங்க. அந்தச் சீன்ல கதவுக்கு வெளிய பாப்பா நெஜமாத்தாங்க அழுதா.

— தெரியும். இருட்டுன்னா அவளுக்கு ஆகாது. அதான் முதல் டேக்குல நீ படக்குனு கதவத் திறந்துட்டியே.

— என்னையும் மீறிக் கை போயிடுச்சு. நீங்க என்ன கத்து கத்தினீங்க! கையில இன்னும் ஒரு டேக்குக்குத்தான் ஃபிலிம் இருக்கு, இந்தத் தடவ திறந்தா படமே இல்லன்னீங்க.

— உண்மை அதுதானே?

— அதான் ரெண்டாவது தடவ பல்லக் கடிச்சுட்டு நின்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் ‘அம்மா, இருட்டா இருக்கும்மா, திறம்மா’ன்னு எம் புள்ள கதறுது. என் கை தாழ்ப்பா மேல இருக்கு. திறக்கல. நீங்க வெளிய இருந்து ‘கட்’னு சொல்ற வரைக்கும் திறக்கல. ஒரு சினிமாவுக்காக. ஓடிவந்து பாத்தா வேன்ல கெடக்கறா. அழுது அழுது அசந்து தூங்கிட்டா போலன்னு பக்கத்துல உக்காந்தேன். கன்னத்துல மாவு காஞ்சு போயிருந்துச்சு.

— அடியே, ஒரு நிமிஷம்...

— முழுசாக் கேளுங்க. படத்த முடிக்கறதுக்குள்ளயே காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரியில என்ன உள்ள விடல. உள்ள இருந்து ‘அம்மா, அம்மா’ங்கறா. நான் இந்தப் பக்கம் நின்னு கதவத் தட்டறேன், ஒருத்தரும் திறக்கல. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. பெத்தவளே திறக்காத கதவ ஊரான் எதுக்குத் திறப்பான்?

— இதையா இவ்வளவு நாளா மனசுல வச்சுட்டிருந்த?

— வேற எங்க வைக்கச் சொல்றீங்க?

— இரு. இரு. ரெண்டாவது டேக்குல யாரு கதறினதுன்னு சொன்ன?

— யாரா? பாப்பாதான்.

— பாப்பா அங்க எங்கடி இருந்தா?

— என்ன ஒளர்றீங்க?

— மறுபடி வெளிய நிக்க மாட்டேன்னு என் கழுத்தக் கட்டிக்கிட்டா. எனக்கும் மனசு கேக்கல. மேக்கப் அக்காகிட்டக் குடுத்து, ‘வேன்ல படுக்க வைங்க, வீட்டுக்காரிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க’ன்னேன். முதல் டேக்குல அவ அழுதத டேப்ல பதிஞ்சு வச்சிருந்தேன். ரெண்டாவது டேக்குக்கு வெளிய அதத்தான் ஓடவிட்டேன். கதவத் தட்டினது நான்.

— அக்கா என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.

— சொல்லலையா?

— நான் வேன்கிட்டப் போனப்ப, பாப்பாவ மடியில போட்டுக்கிட்டு அவங்களும் தூங்கிட்டிருந்தாங்க.

— கடவுளே. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! வெறும் டேப்ப வச்சுக்கிட்டு இப்படி நடிக்கிறாளேன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. போற எடமெல்லாம் அதத்தான் பெருமையாச் சொல்லிட்டிருக்கேன்.

— நடிப்பா அது? போதும் போங்க. என்னத் தேத்தறதுக்காக இப்பக் கத கட்டாதீங்க. உங்களுக்கு அதுதானே தொழில்?

— சரி, நம்பாத. இந்தா, அந்தப் பசங்க படத்த போன்ல அனுப்பியிருக்காங்க. நீ பாக்க வேணாம், கண்ண மூடிக்கோ. காதால மட்டும் கேளு.

— வேணாங்க. போன உள்ள வைங்க.

— எனக்காக. டப்பிங் பண்றப்ப அவ நம்மகிட்ட இல்ல. அந்த டேப்பு மட்டுந்தான் இருந்துச்சு. ஷூட்டிங்ல அழுகையோட அத நிறுத்திட்டேன், மிச்சத்த நீ கேக்கல. படத்துல எல்லாத்தையும் அப்படியே சேத்துட்டேன். வெட்டறதுக்குக் கை வரல.

— மிச்சம்னா?

— கேளு.

— அழறா. ஐயோ, அழறாங்க. நிறுத்துங்க!

— கொஞ்சம் பொறுத்துக்கோ. இப்ப.

— என்னது அது, டக்குனு?

— தாழ்ப்பா. முதல் டேக்குல நீ திறந்தது.

— ஏங்க... சிரிக்கறா. நம்ம பாப்பா சிரிக்கறா.

— கதவு மூடியிருக்கு, வெளிய பேய் சிரிக்குதுன்னு நெனச்சு, இந்த எடத்துலதான்டி தியேட்டரே அலறும். அது நீ கதவத் திறந்ததும் உன்னப் பாத்து அவ சிரிச்ச சிரிப்பு.