ஐந்தாவது நட்சத்திரம்

— மறுபடியும் என் பையனைப் பத்தி எழுதணுமா? ஒருதடவை எழுதினது போதாதா, மிஸ்டர் டிட்வெல்?

— இந்த மாசத்தோட பத்திரிகை வேலையை விடுறேன், மிசஸ் பெட்வே. கடைசிக் கட்டுரை. ஃபுட்பால் ஆடுற பள்ளிக்கூடத்துப் பசங்க எவ்வளவு தூரம் வருவாங்கன்னு கணிச்சு, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நட்சத்திரம் போட்டதுல எங்கெங்க தப்புப் பண்ணினேன்னு எழுதப் போறேன். உங்களைக் கேட்காம உங்க டவோரிஸ் பேரைப் போட மனசு வரல.

— அதுக்காக மான்ட்கோமரியிலேர்ந்து நான் வேலை செய்யுற இந்தக் கோழிக்கறி ஆலை வரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தீங்களா? உட்காருங்க. சாப்பாட்டு நேரம் கொஞ்சம்தான். தலையில இந்த வலையைக் கழட்ட மாட்டேன், திரும்ப மாட்டுறது பெரும்பாடு.

— பரவாயில்லம்மா.

— இதுவரைக்கும் எத்தனை பேருக்கு அஞ்சு நட்சத்திரம் குடுத்திருப்பீங்க? சொல்லுங்க பாப்போம்.

— இருபத்தாறு வருஷத்துல நாப்பத்தோரு பேர். அதுல பாதிக்கு மேல காலேஜ் முடிச்சு பெரிய அணிகளுக்குப் போயிட்டாங்க. ரெண்டு நட்சத்திரக்காரங்கள்ல நூத்துக்கு ரெண்டு பேர் போனா அதிகம். மொத்தமா பார்த்தா எங்க கணிப்பு சரிதான்.

— நான் மொத்தமா பெத்துக்கலையே. ஒருத்தனைத்தான் பெத்தேன்.

— வாஸ்தவம்தான்.

— கோல்பி ஸ்ட்ரிக்லண்டுக்கு எத்தனை குடுத்தீங்க?

— ரெண்டு.

— என் பையன் பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுறப்போ, குறுக்க வர்றவனையெல்லாம் முட்டித் தள்ளி வழி விட்டவன் அவன். ஆறு வருஷமா பெரிய அணியில ஆடுறான், டிவியில காட்டுறாங்க. நீங்க எங்க ஊருக்கு ஆட்டம் பார்க்க வந்த அன்னிக்கு அவனை எவ்வளவு நேரம் பார்த்தீங்க?

— பார்க்கவே இல்லம்மா. கண்ணு பூரா டவோரிஸ் மேலதான்.

— அஞ்சு நட்சத்திரம்னு வந்த ஞாயித்துக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்துல அவன் பேரைச் சொன்னாரு. சர்ச்சே எழுந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் அவன் வாயிலேர்ந்து "வலிக்குது"ன்னு ஒரு சொல் வந்ததில்ல. அஞ்சு நட்சத்திரம் நொண்டலாமா? காலேஜ்ல ரெண்டாம் வருஷம் முழங்கால் முறிஞ்சுது. மூணு ஆபரேஷன். அணியில இவன் இடத்துக்கு வேற பையன் வந்ததும் இவன் பேரே யாருக்கும் ஞாபகம் இல்ல.

— இப்ப என்ன பண்றான்?

— ஸ்கூல் பஸ் ஓட்டுறான். போனது இடது கால்தானே, பிரேக்குக்கு வலது கால் போதும்னு சிரிக்கிறான். மாடிப்படி ஏறணும்னா கைப்பிடி தேடுறான். இருபத்தேழு வயசு.

— நான் எழுதப் போறது இதுதாம்மா. பையன்கிட்ட குறையில்ல, கோளாறு என் கண்ணுல. அன்னிக்கு உங்க ஊர் மைதானத்துல நாலு தடவை பந்தோட எல்லைக்கோட்டைத் தாண்டினான். கடைசி ஓட்டத்துல ஒரு பக்கம் லேசா சாய்ஞ்சான்.

— அதைக் கவனிச்சீங்களா?

— கவனிச்சேன். களைப்பா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு அஞ்சாவதைப் போட்டேன். பத்து வருஷமா அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு.

— இத்தனை வருஷமும் உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். சர்ச்சுல மண்டி போட்டும் திட்டியிருக்கேன்.

— திட்டுங்க. எனக்கு வேணும். எழுதலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க.

— எழுதுங்க. ஆனா உங்க பேரோட நிறுத்திடாதீங்க. அன்னிக்குக் காலையில அவன் முழங்கால் வீங்கி, கால்சட்டைக்குள்ள நுழையல. "இன்னிக்கு வேண்டாம்மா"ன்னு அழுதான். நீங்க பார்க்க வர்றீங்கன்னு தெரிஞ்சு, இறுக்கக் கட்டுப்போட்டு, "சாயாம ஓடுடா"ன்னு அனுப்பினது நான்தான்.