ஏழு பாட்டு மருந்து

விருதுநகர் தாண்டி மதுரைக்குப் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் பதினைந்து வயது மகளும் இருந்தார்கள். மகள் முடியில்லாத தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள்.

“அந்தச் செவப்பு மருந்து ஏறி முடிக்க ஏழு பாட்டு ஆகும்மா,” என்றாள் அவள். அதில்தான் என் காது அந்தப் பக்கம் போனது.

“போன தடவை அஞ்சாவது பாட்டுலயே பாடுறத நிப்பாட்டிட்டியே.”

“வாயெல்லாம் புண்ணு. கேன்சர் மருந்துன்னா அப்பிடித்தானாம், நர்சக்கா சொன்னாக. இன்னைக்கி நீ பாடு.”

“எனக்கு என்னடி பாட்டு தெரியும்?”

“கம்பெனியில சரவெடி பின்னுறப்ப எல்லாரும் பாடுவீகல்ல.”

“அங்க செல்போன உள்ள விடமாட்டாக. அதனால நாங்களா எதையாச்சும் பாடிக்கிருவோம். அதுவும் எனக்குப் பாதிதான் தெரியும்.”

“அந்தப் பாதியவே திரும்பத் திரும்பப் பாடு. மருந்து தீருற வரைக்கும்.”

தாய் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியில் அவர் விரல்கள் சரம் பின்னுவதுபோல் அசைந்தன. “ராகம் தப்புச்சுன்னா வார்டே சிரிக்கும்,” என்றார்.

“சிரிக்கட்டும்மா. அங்கன யாரும் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.”