வாசலில் விரித்த பிளாஸ்டிக் புல்

தஞ்சாவூர் பஸ் வடுவூரைத் தாண்டியதும், முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த வயதான பெண்ணிடம் பொரிந்து தள்ளினாள்.

“சுத்தி வயலுதான்க்கா. எங்க வீட்டுக்காரரு பிளாஸ்டிக் புல்லு மேல நடக்குறாரு.”

“அது ஏதுடி?”

“மவன் மொட்டை மாடியில போட்டிருந்தான். வேணாம்னு பேத்துட்டான். குப்பையில போடாம இவரு வெட்டி வெட்டி வீடு பூரா விரிச்சிட்டாரு. தண்ணிக்குடத்துக்கு அடியில ஒண்ணு, பாத்ரூம் வாசல்ல ஒண்ணு. அதெல்லாம் போவட்டும்னு இருந்தேன். பெரிய துண்டைத் தெருவாசல்ல விரிச்சிட்டாருக்கா! வெறுங்கால்ல புல்லுல நடந்தா சுகருக்கு நல்லதாம். நான் கோலத்தை எங்க போடுறது?”

“கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேனே! புல்லு மேலயே போடுங்கிறாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! பச்சரிசி மாவை அள்ளி, அது மேலயே பெருசாப் போட்டேன்.”

“நின்னுச்சா?”

“எங்க நிக்கிது? மாவு பூரா புல்லுக்குள்ள எறங்கிடுச்சு. பின்னாடியே செவ்வெறும்பு. மறுநா காலையில இவரு செருப்பைக் கழட்டிட்டு ஏறி நின்னாரு பாருங்க...”

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர்தான் கேட்டார்: “அப்புறம்?”

“அப்புறம் என்னங்க? இப்ப வயல் வரப்புல நடக்குறாரு.”