உள்பக்கக் கைப்பிடி

உட்காருவதற்கு முன் இந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டேன். தவறாக நினைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். என் வீட்டு நாற்காலியையும் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. கல்யாண வீட்டில் இலை போட்டால் இரண்டு தடவை தண்ணீர் தெளித்துத் துடைப்பேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டேன். என் மனைவி ஆவுடைத்தாய் இதற்காகவே என்னோடு வெளியூர் வருவதை விட்டுவிட்டாள்.

பெயர் சண்முகவேல். வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் சிவகாசி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேன் என்னுடையது. கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை. வண்டியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் நான்தான்.

வண்டி இருபத்திரண்டு வருஷத்துப் பழசு. ஒரு பள்ளிக்கூடத்தில் ஓடி ஓய்ந்த பிறகு நான் எடுத்தேன். பிள்ளைகள் கையை வெளியே நீட்டாமல் இருக்க ஜன்னலுக்கு மூன்று மூன்று கம்பி போட்டிருந்தார்கள். அதை அப்படியே விட்டுவிட்டேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் நீளப் பலகை அடித்தேன். பின்கதவை ஒட்டியும் ஒரு பலகை வந்ததால் அந்தக் கதவை வெல்டிங் வைத்து அடைத்தாயிற்று. பன்னிரண்டு பேர் உட்கார்ந்த வண்டியில் இருபத்திரண்டு பேர் உட்காரலாம். எங்கள் பக்கம் ஓடுகிற வேன்களைப் போய்ப் பாருங்கள், பாதி இப்படித்தான் இருக்கும். டிரைவருக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் நடுவே கனமான கண்ணாடித் தடுப்பு வைத்தது மட்டும் என் சொந்த யோசனை.

வாடைதான் காரணம். என் வண்டியில் வருகிற பெண்கள் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை பார்க்கிறவர்கள். அந்த மருந்தில் இருக்கிற அலுமினியத் தூள் சாதாரணமாகப் போகாது. தலைமுடி, கழுத்து மடிப்பு, நகக்கண் எல்லாவற்றிலும் வெள்ளி பூசினதுபோல் ஒட்டிக்கொள்ளும். தொண்டையில் தூசி தங்கக் கூடாதென்று சாயங்காலம் ஆளுக்கொரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வார்கள். வெல்லப் பிசுக்கும் வெள்ளித் தூளும் வேர்வையும் சேர்ந்த கையோடு வண்டியில் ஏறுவார்கள். அந்தக் கை பலகையில் படும், கண்ணாடியில் படும், கதவில் படும். நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. நான் சாதி பார்க்கிறவன் இல்லை சார். அழுக்குப் பார்க்கிறவன். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போய் மொய் எழுதியிருக்கிறேன். சாப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு ஒன்றுதான் அவர்களுக்கு வழி. அதன் உள்பக்கக் கைப்பிடி ஒரு சாண் நீளம், நிக்கல் பூச்சு, நல்ல கனம். ஒரு முனை சதுரமாக இருக்கும். அதைக் கதவிலுள்ள துளையில் சொருகித் திருப்பினால் பூட்டு விடுபடும். வண்டி வந்த முதல் வாரமே அது கறுத்துப்போய்விட்டது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் அதே பிசுக்கு. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றி, முன்பக்க டப்பாவில் வைத்துவிட்டேன்.

அதனால் யாருக்கும் சிரமம் வைக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் முனியராஜ் இறங்கிப் போய் வெளியிலிருந்து திறந்துவிடுவான். அவன் இல்லாத நாளில் நானே திறந்துவிடுவேன். முதலாளி இறங்கி வந்து கதவைத் திறந்துவிடுகிற வண்டி இந்த ஜில்லாவில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டுகிற அன்று மட்டும் கைப்பிடியை மாட்டுவேன். தீயணைக்கிற சிலிண்டர், முதலுதவிப் பெட்டி எல்லாம் பட்டறையில் பொதுவாக வைத்திருப்பார்கள், வண்டிக்கு வண்டி மாறிப் போகும். நான் இரவல் வாங்காத சாமான் இந்தக் கைப்பிடி ஒன்றுதான். காட்டி முடித்ததும் கழற்றி, துடைத்து, மறுபடி மஞ்சள் துணி.

இந்த வருஷம் அதைக் கழற்றுகிறபோது முனியராஜின் அம்மா கருப்பம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இந்த வண்டியில் வருகிறவள். கதவுக்குப் பக்கத்தில் உட்காருவாள். அறுபதை நெருங்கிய பெண், அதிகம் பேச மாட்டாள்.

“அது பாட்டுக்கு அங்கன இருந்துட்டுப் போகுது அண்ணாச்சி. ஒரு அவசரம்னா நாங்க என்ன செய்வோம்?”

என்ன அவசரம் வந்துவிடப் போகிறது, நான்தான் முன்னால் இருக்கிறேனே என்றேன். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இனி பிரேக். எஃப்.சி.க்காகவும் ஆயுத பூஜைக்காகவும் வண்டிக்கு உள்ளும் வெளியும் சந்தன நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தேன். பத்து நாள்கூட ஆகவில்லை. டிரைவர் காலடியில் தரை கொப்புளம் கொப்புளமாக எழும்பி, சொறி பிடித்த தோல்போல் உரிய ஆரம்பித்தது. பிரேக் ஆயில் மேலேயிருந்து கசிந்து சொட்டுகிறது, அது பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது என்று முனியராஜ் சொன்னான். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டும், சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும், வண்டி மூன்று நாள் நிற்கும் என்றான். தீபாவளி சீசனில் மூன்று நாள் வண்டியை நிறுத்த முடியாது. தீபாவளி முடியட்டும் என்றேன். மாற்ற மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் அந்தத் தரையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காலையில் சாப்பாடு இறங்கவில்லை. இஞ்சின் ஆயில் பெயிண்டை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். பிரேக் ஆயில் டப்பாவில் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு இஞ்சின் ஆயிலை ஊற்றினேன். உரிந்த இடத்தைச் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடித்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். சொட்டு விழுந்திருந்தது, கொப்புளம் இல்லை. துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் தரை பளிச்சென்று இருந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முனியராஜ் டப்பா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கண்டுபிடித்துவிட்டான்.

“இதை ஊத்தினா உள்ள இருக்கிற ரப்பர் வாஷரு ஊதிப் போகும் அண்ணாச்சி. ஒரு நாளைக்கு மிதிப்பீக, ஒண்ணுமே இருக்காது. பின்னால எங்க அம்மா உக்காந்திருக்கா.”

“ஏலே, உனக்கு ஓட்ட முடியலைன்னா சாவியை வச்சிட்டுப் போ” என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டான். அம்மாவையும் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். சீசனில் இரண்டு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவள் வந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து நான்தான் ஓட்டினேன்.

பிரேக் போய்விடும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளே பெடல் மரக்கட்டைபோல் இறுகியது. பிறகு மூன்று தடவை மிதித்தால்தான் பிடித்தது. கை பிரேக் கேபிள் பங்குனியிலேயே அறுந்திருந்தது. நான் வேகமாகப் போகிறவன் இல்லை. பார்த்து ஓட்டினால் போதும் என்றிருந்தேன்.

ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள், சாயங்காலம் நாலரை மணி. நல்ல வெளிச்சம். வேலை முடிந்து திரும்புகிற இருபத்திரண்டு பேர் பின்னால் இருந்தார்கள். கண்மாய்க் கரையிலிருந்து சாலை இறங்கித் திரும்புகிற இடத்தில் மிதித்தேன். பெடல் தரை வரை போய் அங்கேயே கிடந்தது. மறுபடி மிதித்தேன், மறுபடியும். கியரைக் குறைத்தேன். வண்டி பெருஞ்சத்தம் போட்டதே தவிர நிற்கவில்லை. வளைவில் திரும்பாமல் நேராகக் கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. அந்த வாரம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து கிடந்தது.

உடனே முழுகவில்லை. முன்சக்கரம் சேற்றில் புதைந்து, இடது பக்கமாகச் சாய்ந்து, அங்குலம் அங்குலமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நான் முன்பக்க டப்பாவிலிருந்து வண்டிப் புத்தகத்தையும் கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு என் பக்கக் கதவு வழியாக இறங்கினேன். முழங்கால் வரைதான் தண்ணீர். பின்பக்கமாகச் சுற்றிக் கதவுப் பக்கம் போனேன். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஓடவில்லை. கதவுக்குத்தான் போனேன்.

அங்கே இடுப்பளவு இருந்தது. வெளிப்பக்கப் பூட்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டது. அது என்ன தண்ணீர் தெரியுமா? பச்சையாக, நுரை கட்டி, மாட்டுச் சாணமும் அழுகின தாமரை இலையும் மிதந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து வெள்ளி வெள்ளியாகக் கைகள் பதிந்துகொண்டிருந்தன. கருப்பம்மாள் தன் பக்கத்துக் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்திருந்தாள். அவள் கத்தவில்லை. என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணாச்சி, அந்தப் பிடியைக் குடுங்க. நாங்களே திறந்துக்கிடுதோம்.”

கொடுக்கத்தான் கையை நீட்டினேன். அவள் கைப்பிடியைப் பிடிக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வெல்லப் பிசுக்கு, வேர்வை, மருந்து, அத்தனையும் என் தோலில். வெள்ளைச் சட்டை வேறு. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கரையேறிவிட்டேன்.

கையை அலம்பிவிட்டு வந்து திறக்கலாம் என்றுதான் போனேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர். தொட்டி மேல் சோப்பு இருந்தது. யாரோ தேய்த்த சோப்பு, தொடவில்லை. மணலை அள்ளித் தேய்த்தேன். அலுமினியம் சீக்கிரத்தில் போகாது என்று முன்பே சொன்னேன். பிறகு கைப்பிடியையும் கழுவினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது வேன் கூரை மட்டும் தெரிந்தது. டிராக்டரில் வந்த வெள்ளைத்துரை என்பவர் முங்கிப் போய், டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து நடுத் தடுப்பை உடைத்து, ஒவ்வொருவராக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பதினைந்து பேரைப் பிழைக்க வைத்தார் அந்த மனிதர். ஜாக்கிக் கம்பி அங்கே இருப்பது எனக்கும் தெரியும். மீதி ஏழு பேர் கதவை ஒட்டிக் கிடந்தார்களாம். கருப்பம்மாள் எல்லாருக்கும் அடியில்.

ஆஸ்பத்திரியில் முனியராஜ் என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“கைப்பிடி எங்கன இருந்துச்சு அண்ணாச்சி?”

“என்கிட்டதான் இருந்துச்சு” என்று எடுத்துக் காட்டினேன். அப்போதும் ஈரமாக, பளபளவென்று இருந்தது. அவன் அதைப் பார்த்தான், என் சட்டையைப் பார்த்தான், அங்கேயே குனிந்து வாந்தி எடுத்துவிட்டான். என் செருப்பில் தெறித்தது. அம்மாவைப் பறிகொடுத்தவன் என்பதால் பொறுத்துக்கொண்டேன். செருப்பை மட்டும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தேன்.

ஏழு பேரையும் நான்தான் கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். பேனாவைத் துடைத்துக் கொடுத்தால் போதும். சாட்சிப் பொருள் கேட்டீர்கள், இதோ அந்தக் கைப்பிடி. துணியோடு பிடியுங்கள் சார். அவர்களில் ஒருத்தருடைய விரல்கூட இதில் படாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறேன்.