பதினான்காம் எண் முத்திரை

உங்கள் நிலையத்துக் காபி மோசமில்லை, அதிகாரியம்மா. எங்கள் தொழிற்சாலை இயந்திரம் கக்குகிற கழனித்தண்ணீருக்கு இது எவ்வளவோ மேல். விளக்குதான் போதவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஊர் முழுக்க இந்த மங்கல் விளக்கைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ரைன்ஹோல்ட் டோர்சம். வயது அறுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடமாக ஒரே தொழிற்சாலை, ஒரே மேசை. வேட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்துகிற ஸ்கோப்பைக் கடைசியாகப் பார்த்து வெளியே அனுப்புகிறவன் நான். ஒவ்வொன்றையும் அதிர்ச்சி மேசையில் பூட்டி, துப்பாக்கி உதைப்பதுபோல ஐம்பது அடி கொடுப்போம். ஐம்பது அடிக்குப் பிறகும் உள்ளே இருக்கிற குறுக்குக்கோடு இம்மியும் நகராமல் நின்றால் அது ஸ்கோப். நகர்ந்தால் அது வெறும் குழாய். நின்றதா நகர்ந்ததா என்று சொல்வது என் கண். சரி என்றால் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன முத்திரை குத்துவேன். எண் பதினான்கு. எங்கள் ஊர் வழியே ஓடுகிற லான் ஆற்றின் இரண்டு கரையிலும் உள்ள வேட்டைக்காரர்கள் கடையில் ஸ்கோப்பைக் கவிழ்த்து அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிய காலம் உண்டு.

இதே வேலைக்கு ஓர் இயந்திரம் வந்து பதினைந்து வருடமாகிறது. நான் அதைத் தொட்டதில்லை. அது திரையில் பச்சை விளக்கு காட்டும். பச்சை விளக்கைப் பார்க்க ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு பட்டப்படிப்பு, தனி அறை, அறைக்கு ஒரு பூந்தொட்டி. என் மேசைக்கு மட்டும் இயந்திரம் வேண்டாம் என்று பழைய முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் செத்த பிறகும் அந்த வார்த்தையை மீற ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

செப்டம்பரில் எங்கள் நிர்வாக இயக்குநர் யோப்ஸ்ட் டெர்ஹார்ஸ்ட் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார். வாழ்நாளில் ஒரு முயலைக்கூடச் சுடாத மனிதர். ஓட்ஸிலிருந்து பால் கறந்து குடிக்கிறவர். வருட முடிவோடு துப்பாக்கி ஸ்கோப் சந்தையிலிருந்து நாம் வெளியேறுகிறோம் என்றார். இனிமேல் இரண்டே சரக்குதானாம். பறவை பார்க்கிறவர்களுக்குப் பைனாகுலர். மருத்துவர்கள் உடம்புக்குள் விட்டுப் பார்க்கிற குழாய்க்குக் கண்ணாடி. அதாவது காலையில் குருவியின் பின்பக்கம், மாலையில் மனிதனின் பின்பக்கம். எண்பது வருடப் பெயரை அவர் கைகழுவிய லட்சணம் அது. நாங்கள் பட்டாணி சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டோம்.

காரணமும் சொன்னார். வெளிநாட்டிலிருந்து மலிவான சரக்கு வருகிறது, இருட்டில் உடம்புச் சூட்டைக் காட்டுகிற கருவி வந்துவிட்டது, இப்படி. கடைசியில் போகிறபோக்கில் சொல்வதுபோல, விற்கிற நூறில் பதினொன்று திரும்பி வருகிறது என்றார். குறுக்குக்கோடு நிற்பதில்லை என்று வேட்டைக்காரர்கள் எழுதுகிறார்களாம். ஸ்கோப்பைப் பாறையில் போட்டுவிட்டு எங்கள் மேல் பழி போடுகிற வேட்டைக்காரர்களை எனக்கு நன்றாகவே தெரியும்.

திரும்பி வந்ததற்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்கும் வேலையை அன்னெக்ரெட் விக்கோப்பிடம் கொடுத்தார்கள். நான் சொன்னேனே, பூந்தொட்டி அறை, அது அவளுடையது. முப்பத்துநான்கு வயது. யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள், அது எனக்குப் பிடிக்காது. இரண்டு மாதம் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தாள். தொழிற்சாலையில் வருடா வருடம் நடக்கிற வேட்டைக்கு முந்தின வியாழக்கிழமை மதியம், ஒரு தட்டில் ஆப்பிள் கேக்கோடு என் மேசைக்கு வந்தாள்.

திரும்பி வந்தவற்றில் பத்துக்கு ஒன்பதில் என் முத்திரை இருப்பதாகச் சொன்னாள். அதுவும் கடந்த நான்கு வருடத்துச் சரக்காம். நான் கேக்கைத் தின்றுகொண்டிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், நான் குத்தம் சொல்ல வரல. ஒரு தடவ கண் டாக்டர்ட்ட காட்டுங்க. திங்கக்கெழம நான் ரிப்போர்ட் குடுக்கணும். அதுக்குள்ள நீங்களே டெர்ஹார்ஸ்ட் சார்ட்ட போய்ச் சொல்லிட்டீங்கன்னா, உங்க பேரே அதுல வராம நான் பாத்துக்கறேன்."

"கேக்குல சக்கர கம்மி," என்றேன்.

அவள் அதற்கும் சிரித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, அதிகாரியம்மா. எழுதிக்கொள்ளுங்கள். அந்த வருடங்களில் தொழிற்சாலையில் விளக்கை மாற்றினார்கள். புது விளக்கு எல்லாவற்றையும் பழுப்பாகக் காட்டும், ஓரங்களில் பனி பிடித்ததுபோல இருக்கும். கெட்ட விளக்கிலும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஏனென்றால் குறைசொல்லி நான் இல்லை.

ஆனால் திங்கட்கிழமை அந்த அறிக்கை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஸ்கோப் சந்தையை விட்டுப் போவதற்குக் காரணம் டெர்ஹார்ஸ்ட் என்று தொழிற்சாலையில் தொண்ணூறு பேர் திட்டிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு அதே தொண்ணூறு பேர், காரணம் டோர்சம் என்பார்கள். பேக்கரியில் ரொட்டி வாங்கப் போகிற இடத்தில் பேச்சு நின்றுபோகும். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இருப்பது அந்த எண் ஒன்றுதான். அதனால் அவளைக் கொன்றேன். காரணம் போதுமானதா இல்லையா என்று நீதிபதி சொல்லட்டும்.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் தொழிற்சாலையின் வேட்டை. என்னைப்போலச் சொந்த முத்திரை எண் உள்ள பழைய கைவேலைக்காரர்கள் துப்பாக்கியோடு மர மேடைகளில் நிற்போம். மற்றவர்கள் நாய்களோடு புதரைத் தட்டிக்கொண்டு வந்து பன்றிகளைக் கிளப்பிவிடுவார்கள். பட்டம் வாங்கிய பூந்தொட்டிக்காரர்களும் அன்றைக்குத் தட்டுகிறவர்கள்தான், அதில் எனக்கு வருடா வருடம் ஒரு திருப்தி. இது கடைசி வருடம் என்பதால், கடைசியாகச் செய்த ஸ்கோப்பை எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். நான் ஒரு வாரம் முன்பே பார்த்து முத்திரை குத்திய ஸ்கோப் அது. துப்பாக்கிக் கடைக்காரர் அதைப் பொருத்தி, சுட்டுச் சரிபார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

காலை பத்தரை மணி. தட்டுகிறவர்களின் வரிசை என்னைத் தாண்டிப் போய்விட்டது. அவள் மட்டும் பின்தங்கிவிட்டாள். முள்ளுப் புதரில் சிக்கிய ஒரு நாயை விடுவிக்கக் குனிந்திருந்தாள் என்று இப்போது சொல்கிறார்கள். எழுபது காலடி எடுத்து வைத்தால் போய்விடுகிற தூரம். ஆரஞ்சு நிற உடுப்பு போட்டிருந்தாள், அது எல்லோரும் போடுவது. நான் குறுக்குக்கோட்டை வைத்தேன், விசையை அழுத்தினேன். ஒரே குண்டு. புதர் ஒரு தடவை ஆடி அடங்கியது. நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் நாற்பது நிமிடம் மேடையிலேயே நின்றேன். கொம்பு ஊதி வேட்டையை முடிக்கிறவரைக்கும் எவனும் மேடையை விட்டு இறங்கக்கூடாது என்பது எங்கள் விதி. பையிலிருந்த ஈரல் ரொட்டியைச் சாப்பிட்டேன். அவள் இருபது நிமிடமாவது உயிரோடு இருந்திருப்பாள் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நான் விதியை மீறுகிறவன் இல்லை.

நீங்கள் நேற்றிலிருந்து நான் ஒடித்த அந்த மரக்கொப்பைப் பற்றியே கேட்கிறீர்கள். பக்கத்து மேடையில் நின்றவன் கெர்னோட் ஷவுப், கண்ணாடி தீட்டுகிறவன், என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவன். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. கொம்பு ஊதியதும் அவன் என் மேடைக்குக் கீழே வந்தான்.

"என்னடா ரெய்னு, என்ன அடிச்ச?"

"பொட்டப் பன்னி. ரெண்டு வயசு இருக்கும்."

அப்படித்தான் சொன்னேன். பிறகு ஊசியிலை மரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு புதரை நோக்கி நடந்தேன். கொன்ற விலங்கின் வாயில் ஒரு பச்சைக் கொப்பை வைப்பது எங்கள் வழக்கம், கடைசிக் கவளம் என்று அதைச் சொல்லுவோம். நான் முழங்காலிட்டு, கொப்பை அவள் வாய்க்கு நேராக நீட்டினேன். அப்போதுதான் கெர்னோட் என் மணிக்கட்டைப் பிடித்தான். ரெய்னு, இது அன்னெக்ரெட்டுடா, இது அன்னெக்ரெட் என்று இரண்டு தடவை சொன்னான். அவன் எப்போதும் பார்த்ததையே இரண்டு தடவை சொல்லுகிற ஆள்.

மனிதரைச் சுட்டோம் என்று தெரிந்தவன் கொப்பை ஒடிப்பானா என்று கேட்கிறீர்கள். ஏன் ஒடிக்கக்கூடாது? மரியாதைக்கு ஒடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றி என்று சொன்னது ஏளனத்துக்கு. உங்களுக்கு ஏளனம் புரியாது என்றால் நான் என்ன செய்யட்டும்.

இன்று காலையில் நீங்கள் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், நீங்க பன்னின்னு நெனச்சுத்தான் சுட்டீங்க. அத மட்டும் சொல்லுங்க போதும். அது விபத்து. ஜெயிலுக்குக்கூட போக வேண்டியிருக்காது. கொல பண்ணேன்னு சொன்னா ஆயுசுக்கும் உள்ளதான்."

நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் நீங்கள் கேட்பது என்ன என்று யோசித்தீர்களா? இன்ன விலங்கு, ஆணா பெண்ணா, என்ன வயது என்று கண்ணால் நிச்சயம் செய்யாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது. வேட்டை உரிமத்துக்கு முதல் பாடமே அதுதான். எழுபது காலடித் தூரத்தில், பட்டப்பகல் வெளிச்சத்தில், ஆரஞ்சு உடுப்புப் போட்ட ஒரு பெண்ணைப் பன்றி என்று நினைத்த கிழவன் என்று என் பெயரை எழுதச் சொல்கிறீர்கள். தொண்ணூறு பேரும் அதைப் படிப்பார்கள். டெர்ஹார்ஸ்ட் தன் பாலைக் குடித்துக்கொண்டே படிப்பார். கொலைகாரன் என்று எழுதுங்கள். கொலைகாரனுக்குக் கண் தெரியாது என்று எவனும் சொல்ல மாட்டான்.

ஸ்கோப்பை ஆய்வுக்கு அனுப்பினீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை, கோடு மயிரிழைகூட நகரவில்லை என்று பதில் வந்திருக்கிறது. நான்தான் சொன்னேனே. முப்பத்தெட்டு வருடம் நான் வேறு என்ன சொன்னேன்?

அதற்குப் பிறகு நீங்கள் அவளுடைய குறிப்பேட்டை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். படித்துப் பாருங்கள் என்றீர்கள். அவள் கையெழுத்தை நான் எதற்குப் படிக்க வேண்டும், என் மேல் எழுதிய குற்றப்பத்திரிகைதானே, எனக்குத் தெரியும் என்றேன்.  பிறகு நீங்களே வாசித்தீர்கள்.

"கடைசி ஸ்கோப். முத்திரை பதினான்கு. அதிர்ச்சிக்குப் பின் கோடு நகர்கிறது, நூறு மீட்டரில் ஐம்பது சென்டிமீட்டர் இடப்பக்கம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றினேன். இப்போது அசையவில்லை. டோர்சம் சாருக்குத் தெரிய வேண்டாம், பரிசாயிற்றே."

அவள் அதைத் தொடாமல் விட்டிருந்தால் என் குண்டு ஒரு சாணுக்குக் குறையாமல் இடப்பக்கம் விலகி முள்ளுப் புதரில் போயிருக்கும் என்று கணக்குப் போட்டும் சொன்னீர்கள். நான் என்ன சொல்வேன் என்று பார்த்தீர்கள். அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ.

அந்தக் குறிப்பை இதில் சேர்க்காதீர்கள், அதிகாரியம்மா. நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். அது என் கண் பார்த்துச் சரி என்று சொன்ன ஸ்கோப். அதை எவளும் திறக்கவில்லை, எவளும் திருத்தவில்லை. சந்தேகம் இருந்தால் குண்டு அவள் உடம்பில் எந்த இடத்தில் பட்டிருக்கிறது என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அதைவிட நல்ல சாட்சி என் வேலைக்குக் கிடையாது.

நான் அவளைப் பார்த்தேன், அவள்தான் என்று தெரிந்தே சுட்டேன். இதுதான் என் வாக்குமூலம். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடியில் கோடு போட்டிருக்கிறது என்கிறீர்கள், எங்கே என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டிவிடுங்கள். இந்த விளக்கில் யாருக்குத்தான் தெரியும்.