ஸ்பெயினில் ஐந்தாம் நாள்

அனந்தகிருஷ்ணன்: பாரதி, இன்னைக்கு நாம எந்த ஊர்ல இருக்கோம்?

ஜெயபாரதி: ரோந்தா. மலை மேல, வெள்ளை வெள்ளையா வீடு... நேத்தே சொன்னேனே. கோட்டு மாட்டுங்க.

அனந்தகிருஷ்ணன்: வேர்க்குதுடி.

ஜெயபாரதி: அக்டோபர்ல அங்க குளிரும். அந்த வெள்ளைச் சுவரோரமா நில்லுங்க... தள்ளி, தள்ளி. பாத்ரூம் குழாய் தெரியுது.

அனந்தகிருஷ்ணன்: கார் ஓட்டிக் களைச்ச மாதிரி நிக்கட்டுமா?

ஜெயபாரதி: 'ரிலாக்ஸா ஒரு ரோட் ட்ரிப்'னு ஆபீஸ் பூரா தம்பட்டம் அடிச்சது நீங்க. சிரிங்க.

அனந்தகிருஷ்ணன்: விசா குடுக்கலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம். தோஹாவுல, நஜ்மா ஏரியாவுல, சொந்த வீட்டுலயே திரையை மூடிக்கிட்டு... திருடன் மாதிரி...

ஜெயபாரதி: யாரு சொல்லியிருக்கணும்?

அனந்தகிருஷ்ணன்: ஆபீஸ்ல அந்த விஷாலுக்குத் தெரிஞ்சா, ரிட்டயர் ஆகுற வரைக்கும் ராஸ் லஃபான் பிளான்ட்ல எனக்குப் பேரே 'ஸ்பெயின் சார்'தான்.

ஜெயபாரதி: அப்போ மெதுவாப் பேசுங்க. போட்டோவை இப்பவே போடாதீங்க, அங்க ஒரு மணி நேரம் பின்னாடி.

அனந்தகிருஷ்ணன்: ஒரு சாம்பாராவது வையேன்.

ஜெயபாரதி: வாசனை காரிடார் பூரா போகும். பிரெட்டைத் தின்னுங்க.

அனந்தகிருஷ்ணன்: ...பாரதி. வாசக்கதவுல சாவி திரும்புது.

ஜெயபாரதி: ஐயோ! செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி எதிர்வீட்டு நாகவள்ளி அக்காகிட்ட ஒரு சாவி குடுத்திருந்தேங்க!

அனந்தகிருஷ்ணன்: எப்போ?

ஜெயபாரதி: விசா வந்துடும்னு நெனச்சப்போ...

நாகவள்ளி: அஞ்சு நாளா மறந்தே போயிட்டேன், செடி செத்திருக்குமேன்னு ஓடி வந்தா... ஆத்தாடி! சார், நீங்களா? கோட்டோட?

அனந்தகிருஷ்ணன்: வாங்க சிஸ்டர்... ஃப்ளைட்டு... கொஞ்சம் சீக்கிரமே...

நாகவள்ளி: ஒரு மணி நேரம் முன்னாடிதான் ஸ்பெயின்ல, மாலகாவுல நீங்க காபி குடிக்கிற படத்துக்கு லைக் போட்டேன். நல்ல ஃப்ளைட்டு சார்.

ஜெயபாரதி: அக்கா, கால்ல வேணா விழறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

நாகவள்ளி: எழுந்திரு. இப்படியா இருப்ப? உள்ள தாழ்ப்பாள்கூடப் போடல!

ஜெயபாரதி: நீங்க சிரிப்பீங்கக்கா. போன வருஷம் பத்து நாள் சுவிட்சர்லாந்துல பனியில உருண்டுட்டு வந்தவங்க...

நாகவள்ளி: அந்தப் பத்து நாளும் என் செடிக்குத் தண்ணி ஊத்த யார்கிட்டயாவது சாவி குடுத்தேனா?